உலக மன்றங்களில் இளைஞர்

இளம் வயதினருக்கென்று உலக அளவில் எழுதப்பட்ட முதல் விதிகள் ஆலை வாசலில் பிறந்தவை. 1919 அக்டோபர் இறுதியில் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாடு ஆறு உடன்படிக்கைகளை நிறைவேற்றியது. ஐந்தாவது, 14 வயது நிரம்பாதவர்களை ஆலை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. ஆறாவது, 18 வயதுக்குக் குறைந்தவர்களை இரவு வேலையிலிருந்து விலக்கியது. அந்த மாநாட்டில் இளைஞர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்ற எண்ணமே அப்போது இல்லை. அவர்களின் உடல், அது தாங்கும் நேரம், அதற்கு ஒரு வயது வரம்பு ஆகியவையே பேச்சாக இருந்தன.

ஐந்தாவது உடன்படிக்கையில் இந்தியாவுக்குத் தனியாக ஒரு பிரிவு உண்டு. 14 வயது விதி இந்தியாவுக்குப் பொருந்தாது, அங்கே 12 வயது போதும் என்று அது சொல்கிறது. அதுவும் எல்லா இடத்துக்கும் அல்ல. இயந்திர விசையால் ஓடி, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகள், சுரங்கங்கள், ரயில்வே, துறைமுகச் சரக்கு வேலை ஆகியவற்றுக்கு மட்டுமே. கையால் சுமந்து செல்லும் வேலை சேராது என்றும் எழுதி வைத்தார்கள். மூட்டை தூக்கும் சிறுவனை உலகச் சட்டம் பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் கடந்துபோன இடம் அது. இரவு வேலையிலும் இப்படித்தான்: இந்தியாவில் 14 வயதைத் தாண்டிய ஆண் பிள்ளைகளுக்கு அந்தத் தடை இல்லை. இந்தியத் தொழிலாளர் பிரதிநிதியாக அங்கே சென்றிருந்தவர் என்.எம். ஜோஷி.

ஆனாலும் விலக்கு கொடுத்த அதே பிரிவுதான் இந்தியச் சட்டத்தையும் அசைத்தது. 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி இங்கே 9 வயதுக் குழந்தை ஆலைக்குப் போகலாம். வாஷிங்டனில் ஒப்புக்கொண்டதை நிறைவேற்ற 1922இல் சட்டம் திருத்தப்பட்டு வயது 12 ஆயிற்று. 15 வயது வரையிலானவர்களுக்கு நாளுக்கு ஆறு மணி நேரம் என்ற வரம்பும் வந்தது. உலக மன்றம் ஒன்றின் தீர்மானம் உள்ளூர்ப் பிள்ளையின் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகளைக் கூட்டிக் கொடுத்ததற்கு இதைவிடத் தெளிவான பழைய சான்று கிடைப்பது அரிது.

அதே 1919இல் லண்டனில் எக்லண்டைன் ஜெப் என்ற பெண்மணி, போரில் தோற்ற ஆஸ்திரியாவின் பட்டினிக் குழந்தைகளின் படம் போட்ட துண்டறிக்கைகளை டிராஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்ததற்காகக் கைது செய்யப்பட்டார். நீதிமன்றம் ஐந்து பவுண்டு அபராதம் போட்டது. அந்த ஆண்டே அவர் தொடங்கிய ‘சேவ் த சில்ரன்’ அமைப்பின் வழியாக உருவான ஐந்து வரிப் பிரகடனத்தை 1924இல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்டது. பசித்த குழந்தைக்கு உணவு, நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை, ஆபத்துக் காலத்தில் உதவி பெறுவதில் முதலிடம் என்று எல்லாமே பெரியவர்கள் கொடுக்க, குழந்தை பெறும் வகையில் அமைந்தவை. 1935இல், பொருளாதார மந்தத்தால் ஐரோப்பாவின் இளைஞர்கள் வேலையின்றித் தெருவில் நின்றபோது, தொழிலாளர் அமைப்பு இளைஞர் வேலையின்மை பற்றித் தனிப் பரிந்துரை ஒன்றை வெளியிட்டது. பள்ளியை விடும் வயதை உயர்த்துவது, தொழிற்பயிற்சி, வேலைவாய்ப்பு நிலையங்கள் என்று அதில் உள்ளவை இன்றைய அரசுத் திட்டங்களிலும் ஏறக்குறைய அதே வரிசையில் இருக்கின்றன.

இளைஞரைப் பெறுபவராக அல்லாமல் செய்பவராகப் பார்த்த முயற்சிகள் அரசுகளுக்கு வெளியிலிருந்து வந்தன. சுவிட்சர்லாந்துக்காரரான பியர் செரசோல் 1920இல் வெர்டன் போர்க்களத்துக்கு அருகே, இடிந்த கிராமத்தைக் கட்டித்தர, பகை நாடுகளின் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒரு முகாம் நடத்தினார். 1934 ஜனவரி நிலநடுக்கம் பீகாரைத் தரைமட்டமாக்கியபின் அவர் அங்கேயும் வந்து வீடு கட்டும் வேலையில் இறங்கினார். இந்த முகாம் முறையைத்தான் யுனெஸ்கோ பிற்பாடு கையில் எடுத்தது. தன்னார்வ முகாம்களை நடத்தும் அமைப்புகளுக்கான ஒருங்கிணைப்புக் குழு 1948இல் அதன் ஆதரவில் அமைந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு இளைஞர்கள் திடீரென்று எல்லோருக்கும் வேண்டியவர்கள் ஆனார்கள். 1945 நவம்பரில் லண்டனில் உலக ஜனநாயக இளைஞர் கூட்டமைப்பும், 1946இல் பிராக் நகரில் பன்னாட்டு மாணவர் சங்கமும் தொடங்கின. இரண்டும் விரைவிலேயே சோவியத் பக்கம் சாய்ந்தன. 1947இல் பிராக்கில் நடந்த முதல் உலக இளைஞர் மாணவர் விழா அந்தப் பக்கத்தின் பெரிய காட்சி மேடை. 1948 பிப்ரவரியில் இந்த இரு அமைப்புகளும் கல்கத்தாவில் தென்கிழக்கு ஆசிய இளைஞர் மாநாட்டைக் கூட்டின. அதை அடுத்து பர்மா, மலேயா, இந்தோனேசியா என்று கிளர்ச்சிகள் வெடித்ததால், மாஸ்கோவின் கட்டளை கல்கத்தா வழியாகத்தான் போனது என்று பலர் எழுதினார்கள். உள்நாட்டுக் காரணங்களே போதுமானவை என்று பின்வந்த ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள், அதுவே நம்பத் தகுந்தது.

மேற்குத் தரப்பு சும்மா இருக்கவில்லை. 1949இல் உலக இளைஞர் பேரவை உருவானது; மாணவர்களுக்கென்று நெதர்லாந்தின் லைடன் நகரில் தனிச் செயலகம் அமைந்தது. மாநாடுகளுக்கு விமானச் சீட்டும் உதவித்தொகையும் தாராளமாகக் கிடைத்தன. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்களுக்கு அறக்கட்டளைகளின் பெயர்கள் காட்டப்பட்டன. 1967இல் அமெரிக்காவின் ‘ராம்பார்ட்ஸ்’ இதழ், அமெரிக்கத் தேசிய மாணவர் சங்கத்துக்குப் பல ஆண்டுகளாக சி.ஐ.ஏ. பணம் கொடுத்துவந்ததை வெளியிட்டது. தொடர்ந்து வந்த செய்திகளில் உலக இளைஞர் பேரவையின் பெயரும் அடிபட்டது. தலைவர்களில் சிலருக்கு மட்டும் உண்மை தெரியும். மற்றவர்கள் மனமார நம்பி உழைத்தவர்கள். ஒரு தரப்பில் மாஸ்கோவின் பணம், மறு தரப்பில் வாஷிங்டனின் பணம். இளைஞர் அமைப்புகளைப் பற்றி உலக மன்றங்களில் இன்றும் நிலவும் ‘இவர்களுக்குப் பின்னால் யார்?’ என்ற சந்தேகத்துக்கு வேர் இந்த இருபது ஆண்டுகளில்தான் இருக்கிறது.

இந்தச் சூழலில் ஐக்கிய நாடுகள் சபை இளைஞர் விஷயத்தில் மெதுவாகவே நடந்தது. 1965 டிசம்பர் 7 அன்று பொதுச் சபை, இளைஞரிடையே அமைதி, பரஸ்பர மரியாதை ஆகிய எண்ணங்களை வளர்ப்பது பற்றிய பிரகடனத்தை ஏற்றது. அதை முதலில் முன்மொழிந்த நாடு ருமேனியா. எப்படி வளர வேண்டும் என்று இளைஞருக்குச் சொல்லும் ஆவணம் அது. அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. மூன்றே ஆண்டுகளில் பாரிஸ், பிராக், மெக்சிகோ சிட்டி தெருக்கள் நிலைமையை மாற்றின. 1968க்குப் பிறகு இளைஞரை அழைக்காமல் இருப்பது அழைப்பதைவிட ஆபத்து என்று அரசுகளுக்குப் பட்டது.

ஐ.நா. தன் 25ஆம் ஆண்டையொட்டி 1970 ஜூலையில் நியூயார்க் தலைமையகத்தில் உலக இளைஞர் மன்றத்தைக் கூட்டியது. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் வரவேற்றார். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள், தூதர்கள் உட்காரும் அதே இருக்கைகளில் உட்கார்ந்து வியட்நாம் போரைப் பற்றியும் காலனி ஆதிக்கத்தைப் பற்றியும் காரசாரமாகச் சண்டை போட்டார்கள். நடைமுறை விதிகளைப் பற்றிய வாதமே நாட்களைத் தின்றது. கூட்டியவர்களுக்கு அது உவப்பாக இல்லை. அந்த அளவில், அந்த வடிவில் மறுபடி ஒரு மன்றத்தை ஐ.நா. கூட்டவில்லை. அதற்குப் பதிலாக அதே ஆண்டு டிசம்பரில் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1971 ஜனவரியில் அது செயல்படத் தொடங்கியது. வாதாடும் இளைஞரைவிட வேலை செய்யும் இளைஞரோடு பழகுவது நிறுவனங்களுக்கு எப்போதும் எளிது.

ஐரோப்பிய மன்றம் மட்டும் வேறு வழியில் போனது. இதை ஐரோப்பிய ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது 1949இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் அமைந்த தனி அமைப்பு. 1972இல் அங்கே ஐரோப்பிய இளைஞர் மையமும், இளைஞர் அமைப்புகளுக்கு நிதி வழங்கும் ஐரோப்பிய இளைஞர் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டன. முக்கியமானது அவற்றின் நிர்வாக முறை. எந்தப் பயிற்சிக்கு இடம், எந்த அமைப்புக்குப் பணம் என்று முடிவெடுக்கும் குழுவில் அரசுத் தரப்பில் 8 பேர், இளைஞர் அமைப்புகள் தேர்ந்தெடுத்தவர்கள் 8 பேர். இரு தரப்புக்கும் சம வாக்கு. அரசு அதிகாரி தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது, இளைஞர்களும் அப்படியே. இதனால் வேலை தாமதமாகும், கூட்டங்கள் நீளும். ஆனால் கணக்குப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த, ஒரு விண்ணப்பத்தை ஏன் நிராகரித்தோம் என்று விளக்கத் தெரிந்த இளைஞர் தலைமுறை ஒன்று அங்கே உருவானது. 1995இல் புடாபெஸ்டில் இரண்டாவது மையம் திறந்தபோதும் இதே முறை தொடர்ந்தது. கூட்டு நிர்வாகம் என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாட்டைப் பாராட்டாத ஐ.நா. அறிக்கை குறைவு, பின்பற்றிய உலக நிறுவனம் அதைவிடக் குறைவு.

காமன்வெல்த் எடுத்தது வேறொரு பாதை. 1970களின் முதற்பாதியில் தொடங்கிய அதன் இளைஞர் திட்டம், இளைஞர் பணியைப் பயிற்சியும் சான்றிதழும் உள்ள தொழிலாக மாற்ற முயன்றது. ஆசியாவுக்கான அதன் மண்டல மையம் சண்டிகரில் இருந்தது. இளைஞர் மேம்பாட்டுப் பட்டயப் படிப்பு பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் வழியே நடத்தப்பட்டது. அரசுத் துறைகளில் இளைஞர் நல அலுவலர் என்ற பதவிக்குரிய பாடத்திட்டம் பல இடங்களில் இதிலிருந்து வந்ததே. நிதி சுருங்கியபோது, 2014இல் மண்டல மையங்கள் மூடப்பட்டன.

1979இல் ஐ.நா. பொதுச் சபை 1985ஐ சர்வதேச இளைஞர் ஆண்டாக அறிவித்தது. பங்கேற்பு, வளர்ச்சி, அமைதி என்பன அதன் முழக்கங்கள். ஆண்டைக் கொண்டாட வேண்டுமென்றால் இளைஞர் யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். புள்ளிவிவரத் தேவைக்காக 15 முதல் 24 வயது வரை என்று 1981இல் ஐ.நா. செயலகம் வகுத்தது. அந்தத் தற்காலிக வரம்பு இன்றும் நிற்கிறது. மற்றவர்கள் அதைக் கேட்கவில்லை: காமன்வெல்த்துக்கு 29 வரை, 2006இன் ஆப்பிரிக்க இளைஞர் சாசனத்துக்கு 35 வரை. இந்தியாவிலேயே 2003இன் தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வரை என்றது, 2014இன் கொள்கை 15 முதல் 29 வரை என்று குறைத்தது. திருமணம், நிலையான வேலை, சொந்த வீடு ஆகியவை எந்த வயதில் வருகின்றன என்பதைப் பொறுத்து இளமை ஒவ்வொரு நாட்டிலும் நீள்கிறது. அரசுகள் ஒதுக்க நினைக்கும் பணத்தைப் பொறுத்து மறுபடி சுருங்குகிறது.

1985ஆம் ஆண்டை முன்மொழிந்ததும் ருமேனியாதான். அதற்கான ஐ.நா. ஆலோசனைக் குழுவின் தலைவர் நிகு சௌஷெஸ்கு, அந்நாட்டுச் சர்வாதிகாரியின் மகன். இளைஞரின் பங்கேற்பைப் பற்றிய உலகத் தீர்மானங்கள் அவர் தலைமையில் தயாராயின. அதே காலத்தில் ருமேனியாவில், மக்கள்தொகையைப் பெருக்க 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்த ஆணையால் பிறந்த பெரும் தலைமுறை வளர்ந்துகொண்டிருந்தது. 1989 டிசம்பரில் டிமிஷோராவிலும் புக்கரெஸ்டிலும் வீதிக்கு வந்த கூட்டத்தில் அந்தத் தலைமுறை நிறைந்திருந்தது. இந்தியாவில் அந்த இளைஞர் ஆண்டு விட்டுச்சென்ற அடையாளம் அமைதியானது: விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12 தேசிய இளைஞர் நாளாக 1985 முதல் கொண்டாடப்படுகிறது.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் ஆவணங்களின் காலம். 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கே கொடுத்தது. ஜெபின் 1924 பிரகடனத்திலிருந்து உண்மையான தாவல் இதுதான். 1992இல் ரியோ புவி உச்சிமாநாடு, சமூகத்தின் ஒன்பது பெருங்குழுக்களில் ஒன்றாகக் குழந்தைகளையும் இளைஞரையும் சேர்த்தது. தாங்களே நிதி திரட்டி அங்கே வந்த கனடிய மாணவிகளில் ஒருவரான 12 வயது செவர்ன் கல்லிஸ்-சுசூகி ஆற்றிய உரை அப்போது பரவலாகப் பேசப்பட்டது. 1995இல் இளைஞருக்கான உலகச் செயல்திட்டம் வந்தது. கல்வி, வேலை, வறுமை, உடல்நலம், சுற்றுச்சூழல் என்று தொடங்கும் அதன் பத்துத் துறைகளில், முடிவெடுப்பதில் பங்கேற்பு என்பது பத்தாவது. 1998 ஆகஸ்டில் லிஸ்பனில் கூடிய இளைஞர் நல அமைச்சர்கள் பரிந்துரைத்த ஆகஸ்ட் 12, 2000 முதல் சர்வதேச இளைஞர் நாளாயிற்று.

உலக வங்கி இந்தப் பக்கம் திரும்பியதற்குக் காரணம் எண்ணிக்கை. அதன் 2007ஆம் ஆண்டு வளர்ச்சி அறிக்கை, வளரும் நாடுகளில் 12 முதல் 24 வயதுக்குள் 130 கோடிப் பேர் இருப்பதைச் சொல்லி, இவர்களுக்குச் செலவிடுவது முதலீடு என்று வாதிட்டது. இளைஞரை ஒரு பொருளாதார வாய்ப்பாகப் பார்க்கும் இந்தப் பேச்சு நிதி அமைச்சகங்களின் கதவைத் திறந்தது. வேலை கிடைக்காவிட்டால் அந்த முதலீடு என்னவாகும் என்ற கேள்விக்கு விடை துனிசியாவிலிருந்து வந்தது.

இரண்டாவது சர்வதேச இளைஞர் ஆண்டை 2009 டிசம்பரில் ஐ.நா. அறிவித்தது துனிசியாவின் முன்மொழிவின் பேரில், அதிபர் பென் அலியின் முயற்சியால். 2010 ஆகஸ்ட் 12 முதல் ஓராண்டு என்று வகுத்தார்கள். உரையாடலும் பரஸ்பரப் புரிதலும் என்பது தலைப்பு. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 17 அன்று, சிதி பூசித் என்ற ஊரில் தள்ளுவண்டியில் பழம் விற்ற முகமது பூஅசீசி, பறிமுதல் செய்யப்பட்ட தன் சரக்கையும் தராசையும் கேட்டுப் போய் அலுவலகத்தில் எவரும் பார்க்க மறுத்ததால், வாசலிலேயே தீக்குளித்தார். ஜனவரி 4 அன்று உயிர் போயிற்று. ஜனவரி 14 அன்று பென் அலி நாட்டை விட்டு ஓடினார். இளைஞர் ஆண்டு முடிய இன்னும் ஏழு மாதம் பாக்கி. பூஅசீசிக்கு வயது 26, ஐ.நா. கணக்கில் அவர் இளைஞரே அல்லர்.

துனிசியாவில் தொடங்கிய அரபு வசந்தத்துக்குப் பிறகு பதவிகள் வேகமாக உருவாயின. 2013இல் ஜோர்டானின் அகமது அல்ஹெந்தாவி பொதுச் செயலாளரின் முதல் இளைஞர் தூதரானார். 2017இல் அவருக்கு அடுத்து வந்தவர் இலங்கையின் ஜயத்மா விக்கிரமநாயக்க, அப்போது வயது 26. இலங்கை இந்தத் துறையில் முன்வரிசைக்கு வந்தது தற்செயல் அல்ல. 1971இலும் 1987–89இலும் தெற்கில் சிங்கள இளைஞர் கிளர்ச்சி, பல்கலைக்கழகத் தரப்படுத்தலுக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் இளைஞரின் ஆயுதப் போராட்டம் என்று, இளைஞரின் கோபத்துக்கு அந்தத் தீவு கொடுத்த விலை பெரிது. 1990இல் அறிக்கை தந்த ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழு, வேலை நியமனங்களில் அரசியல் தலையீட்டை முக்கியக் காரணமாகச் சுட்டியது. 2014 மே மாதம் கொழும்பில் உலக இளைஞர் மாநாடு நடந்தது. இலங்கையின் முயற்சியால் ஜூலை 15 உலக இளைஞர் திறன் நாளாயிற்று. திறன் பயிற்சி பற்றிப் பேசுவது எல்லா அரசுகளுக்கும் பிடிக்கும். நியமனத்தில் நீதி பற்றிப் பேச ஒரு நாள் ஒதுக்க எவரும் முன்வரவில்லை.

2015 டிசம்பர் 9 அன்று பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய 2250ஆம் தீர்மானம், ஜோர்டான் கொண்டுவந்தது. இளைஞரை ஆயுதக் குழுக்களில் சேரக்கூடியவர்களாகவே பார்த்துவந்த சபை, அமைதியை உருவாக்குபவர்களாக அவர்களை ஏற்றது இதில்தான். இங்கே வயது வரம்பு 18 முதல் 29. அதற்கு முன் அதே ஆண்டு ஏப்ரலில் இது பற்றிய விவாதத்துக்குச் சபையில் தலைமை வகித்தவருக்கு வயது 20. அவர் ஜோர்டானின் பட்டத்து இளவரசர் ஹுசைன். இளைஞருக்கு மேடை தரும்போது யார் பிள்ளைக்கு அது முதலில் கிடைக்கிறது என்பதை 1985ஓடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும்.

அந்த 2015 ஆகஸ்டில் ஜெனீவாவில் இன்னொரு செய்தி வந்தது. ஐ.நா.வில் ஊதியமில்லாப் பயிற்சிக்கு வந்த ஒரு நியூசிலாந்து இளைஞர், அறை வாடகை கட்ட முடியாமல் ஏரிக்கரையில் கூடாரத்தில் தங்கியிருந்தார். படங்கள் வெளிவந்ததும் அவர் பதவி விலகினார். உலகின் மிகச் செலவு மிக்க நகரங்களில் ஆறு மாதம் சொந்தக் காசில் வாழ முடிந்தவர்களே இந்தப் பயிற்சிக்கு வர முடியும். லாகோஸிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் வர முடியாது. பயிற்சியில் கிடைக்கும் அனுபவம் அடுத்த வேலைகளுக்கு உதவும் என்பதால் கதவு இரண்டு முறை சாத்தப்படுகிறது. தொழிலாளர் அமைப்பு உதவித்தொகை தந்துவந்தது, உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் தரத் தொடங்கியது. 2018இல் வெளியான ‘யூத் 2030’ என்ற ஐ.நா. இளைஞர் உத்தி, 2022இல் பொதுச் சபை ஒப்புதல் தந்த இளைஞர் அலுவலகம், அதன் தலைவராக உருகுவேயின் பெலிப்பே பவுலியர் என்று அமைப்பு விரிந்தபோதும், தலைமைச் செயலகத்தின் பயிற்சியாளர்களுக்கு ஊதியம் என்ற சிறிய கேள்வி தள்ளிப்போனது.

பருவநிலைப் பேச்சுவார்த்தையில் இளைஞர் நுழைந்த விதம் இவற்றிலிருந்து மாறுபட்டது. 2005இல் மான்ட்ரியல் மாநாட்டுக்கு முன்னதாக அவர்களே தங்கள் மாநாட்டைக் கூட்டினார்கள். 2011இல் அதிகாரபூர்வக் குழுவாக அங்கீகாரம் பெற்றார்கள். 2019 செப்டம்பரில் இந்தியாவின் ரிதிமா பாண்டே உட்பட 16 சிறுவர்கள், ஐந்து நாடுகள் தங்கள் உரிமையை மீறுவதாக குழந்தைகள் உரிமைக் குழுவிடம் புகார் கொடுத்தார்கள். உங்கள் நாட்டு நீதிமன்றங்களுக்கு முதலில் போங்கள் என்று சொல்லி 2021இல் குழு அதைத் தள்ளியது.

அதே 2019இல் வனுவாட்டுவில், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர்கள் 27 பேர், வகுப்பில் எழுந்த ஒரு யோசனையைப் பசிபிக் தீவுகளின் தலைவர்களுக்குக் கடிதமாக எழுதினார்கள். பருவநிலை விஷயத்தில் நாடுகளின் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது யோசனை. மேடையும் பதவியும் கேட்காமல், ஐ.நா. சாசனத்திலேயே உள்ள ஒரு வழியைப் பயன்படுத்தும்படி ஓர் அரசைக் கேட்டார்கள். வனுவாட்டு அரசு 2021இல் அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29 அன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளின் ஆதரவோடு பொதுச் சபை வாக்கெடுப்பின்றி அதை ஏற்றது. நீதிமன்றம் அரசுகளையும், அனுமதி பெற்ற பன்னாட்டு அமைப்புகளையும் மட்டுமே கேட்கும். கடிதம் எழுதிய மாணவர்களின் சங்கத்துக்கு அங்கே வாய் இல்லை. ஆகவே 2024 டிசம்பரில் தி ஹேக் நகரில் விசாரணை தொடங்கியபோது, வனுவாட்டுவும் மெலனேசிய நாடுகளின் கூட்டமைப்பும் அனுப்பிய குழுவின் உறுப்பினராக மாணவர் சங்கத்தின் பிரதிநிதி எழுந்து பேசினார். 2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள்: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை பொறுப்பு நீளலாம். கருத்துரை எந்த அரசையும் கட்டுப்படுத்தாது. உள்நாட்டு நீதிமன்றங்களில் வழக்குத் தொடுப்பவர்கள் அதை மேற்கோளாகக் காட்டலாம்.